இரண்டு டைம் டேபிள்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "உற்பத்தித் திட்டமிடல் பற்றி இருபது நிமிஷம் பேசுங்க தம்பி, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். 2011-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனதிலிருந்து எனக்கு அதுதான் பிழைப்பு. எந்த மெஷினில் எந்த வேலை எத்தனை மணிக்கு ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று கட்டம் போட்டுக் கொடுப்பது. ஆனால் நான் போட்ட கட்டங்களிலேயே படுதோல்வி அடைந்தது எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. மரக்காணம் பக்கத்தில் நான் படித்த ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளியில். வெற்றிக் கதைகளைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தத் தோல்வியைச் சொல்லி விடுகிறேன்.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது மரக்காணம். ஒரு பக்கம் கடல், நடுவில் பக்கிங்காம் கால்வாய், மேற்கே கழுவெளி. இவற்றுக்கு இடையில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். தை, மாசியில் பாத்தி திருத்த ஆரம்பித்தால் புரட்டாசி வரை உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை இறங்கி விட்டால் தை வரை வேலை கிடையாது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்பதால் விடிவதற்கு முன்பே ஆணும் பெண்ணும் அளத்துக்குப் போய் விடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இந்த வீடுகள்; மீதியில் பெரும்பகுதி கடலுக்குப் போகிற வீடுகள். நான் உப்பள வீடு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. நான் அப்போது பத்தாம் வகுப்பு. சுனாமி எங்கள் கரையிலும் உயிர்களைக் கொண்டு போனது. ஜனவரியில் பள்ளி திறந்தபோது இரண்டு வகுப்பறைகளில் குப்பத்துக் குடும்பங்கள் தங்கியிருந்தன. எங்கள் கணக்கு சார் அறிவிப்புப் பலகையிலிருந்த பழைய டைம் டேபிளை எடுத்து விட்டு, சாக்பீஸால் நாலு வரி எழுதினார். காலையில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம். மதியம் விளையாட்டு. அவ்வளவுதான். நான் கொஞ்சம் படிக்கிற பையன் என்ற திமிரில், "சார், பப்ளிக் எக்ஸாம் வருதே, மதியம் விளையாட்டா?" என்று கேட்டேன். "டேய், பாதிப் பேர் ராத்திரி தூங்கறதே இல்ல. மதியம் நான் கணக்கு போட்டா நான் மட்டும்தான் போட்டுக்கிட்டு இருப்பேன்" என்றார். அந்த ஆண்டு நாங்கள் படித்ததெல்லாம் அந்தக் காலை மூன்று பீரியடில் படித்ததுதான். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

பதினாறு வருடம் கழித்து வேறு மாதிரி வெள்ளம் வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஜூன் மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. 2021 ஜனவரி 19-ல் பத்தும் பன்னிரண்டும் திறந்தன, பிப்ரவரி 8-ல் ஒன்பதும் பதினொன்றும் திறந்தன, மார்ச்சில் மறுபடி மூடினார்கள். செப்டம்பர் 1-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மீண்டும் திறப்பு, நவம்பர் 1-ல் சின்ன வகுப்புகள். கல்வித் தொலைக்காட்சி நடந்தது, பாடம் போனில் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு போன். அந்தப் போன் அப்பாவோடு கடலுக்கோ அளத்துக்கோ போய் விடும். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைத்த முதலியார்குப்பம் எங்கள் மரக்காணம் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. தன்னார்வலர்கள் மாலையில் தெருவிலேயே உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும்தான். உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதும் பத்தும் பள்ளிக்கூடத்து மணியை நம்பித்தான் இருக்க வேண்டியிருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2024 மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தலைமையாசிரியை, "தம்பி, கம்ப்யூட்டர்ல போட்டா கிளாஷே வராதாமே, இந்த வருஷம் டைம் டேபிள் நீங்க போட்டுக் கொடுங்களேன்" என்றார். இதற்குத்தானே படித்தோம் என்று உடனே ஒப்புக்கொண்டேன்.

மாணவர்களே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு, ஐந்து வகுப்பு. நாளுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 40. ஆக மொத்தம் 200 கட்டம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒவ்வொரு பாடமும் வகுப்புக்கு வாரம் 7 பாடவேளை. அப்படியானால் ஆசிரியர் ஒருவருக்கு வாரம் 35. ஐந்து பேருக்கு 175. மீதி 25 கட்டம் விளையாட்டு, ஓவியம், நூலகம் போன்றவற்றுக்கு.

இதற்கு டைம் டேபிள் போட முடியுமா? கண்டிப்பாக முடியும். எந்த ஆசிரியருக்கும் எந்த வகுப்புக்கும் 40-க்கு மேல் போகவில்லை என்றால் மோதல் இல்லாத அட்டவணை ஒன்று நிச்சயம் உண்டு. டேனஸ் கோனிக் என்ற ஹங்கேரிக் கணித மேதை 1916-லேயே நிரூபித்த தேற்றத்திலிருந்து இது நேராக வரும். கிராஃப் தியரி வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 'இந்த ஆசிரியர் இந்த நேரத்தில் கிடைக்க மாட்டார்' என்ற நிபந்தனைகள் வந்தால் கதை மாறி விடுகிறது. எவன், இடாய், ஷமிர் என்ற மூவர் 1976-ல் வெளியிட்ட கட்டுரையில், அந்த நிபந்தனையோடு கூடிய கணக்கு மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது, எல்லாச் சமயத்துக்கும் பொருந்துகிற வேகமான வழி யாருக்கும் தெரியாத வகை, என்று காட்டினார்கள். ஆளெல்லாம் எப்போதும் இருந்தால் சுலபம். சில பேர் சில நேரம் இல்லாவிட்டால் கஷ்டம். நிச்சயமில்லாத காலம் என்பதற்கு இதை விட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. இதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. ஒரே ராத்திரியில் போட்டு முடித்தேன். 200 கட்டமும் நிரம்பி விட்டது, ஒன்று கூடக் காலியில்லை. காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று பத்தாம் வகுப்புக்குத் தினமும் முதல் பீரியட் கணக்கு வைத்தேன். லேமினேட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிட்டயர் ஆகிவிட்ட எங்கள் கணக்கு சாரிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்து விட்டு, "நல்லா இருக்கு. மழை வந்தா எங்கடா நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஏதோ பெரியவர் விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஜூலையில் அறிவியல் ஆசிரியர் மாறுதலில் போனார். அந்த இடத்துக்கு உடனே யாரும் வரவில்லை. 35 பாடவேளை அநாதையாகி விட்டது. மற்ற நான்கு ஆசிரியர்களிடம் ஆளுக்கு 5 ஓய்வுப் பாடவேளை, மொத்தம் 20. அவர்கள் தண்ணீர் கூடக் குடிக்காமல் எடுத்தாலும் 15 பாடவேளைக்கு ஆள் இல்லை. இதைத் தீர்க்க உலகத்தில் எந்தப் புரோகிராமும் கிடையாது, சாதாரணக் கழித்தல் கணக்கு. பள்ளி என்ன செய்யும்? பத்தாம் வகுப்பைக் காப்பாற்றியாக வேண்டும். முதலில் விளையாட்டுப் பீரியட் போனது. பிறகு நூலகம், ஓவியம். பிறகு ஆறாம் ஏழாம் வகுப்பு அறிவியல் பெயரளவுக்கு ஆகி விட்டது. சுவரில் தொங்கிய என் லேமினேஷன் மட்டும் கலையாமல் பளபளவென்று இருந்தது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. உப்பளம் எது, ஏரி எது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் முகாம் ஆனது. போன நாட்களை ஈடு செய்யச் சனிக்கிழமைகளில் பள்ளி வைத்தார்கள். பாதிப் பிள்ளைகள் வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு அலகு. நான் புத்தக வரிசைப்படி மாதவாரியாகச் சமமாகப் பிரித்திருந்தேன். மழை வந்து விழுந்த இடம் சரியாக முக்கோணவியல். ஒரு நாள் விட்டால் மறுநாள் புரியாத பாடம் அது.

இதையெல்லாம் மழையின் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொண்டிருப்பேன். 2025 மே மாதம் ரிசல்ட் வந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெண் ஒருத்தி. மற்றப் பாடங்களிலெல்லாம் நல்ல மார்க். கணக்கில் மட்டும் ஃபெயில். வீட்டுக்குப் போய்த் துணைத் தேர்வுக்குச் சொல்லித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவள் மக்குப் பெண் இல்லை. கையைப் பிடித்து இழுத்தால் கூடவே ஓடி வருகிற புத்தி. "அப்புறம் ஏம்மா?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மா விடியுமுன் அளத்துக்குப் போய் விடுவார். தம்பிக்குச் சோறு கட்டி, தண்ணீர் பிடித்து வைத்து விட்டு அவள் கிளம்புவதற்குள் முதல் மணி அடித்து இருபது நிமிடம் ஆகி விடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் நாலு மாதமும் இதே கதை. வகுப்புக்குள் நுழையும்போது கணக்கு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். கேட்கக் கூச்சம். கடைசியில் அவள் சொன்னாள்: "ரெண்டாவது பீரியட் கணக்கு வெச்சிருந்தா நான் வந்திருப்பேன் அண்ணா."

அந்த டைம் டேபிளைப் போட்டவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஐந்து ஆசிரியர்களுக்கும் எந்த நேரம் சௌகரியம் என்று கேட்டு எழுதிக்கொண்டவன், பிள்ளைகளில் ஒருவரைக் கூடக் கேட்கவில்லை. நானே உப்பள வீட்டுப் பிள்ளை. என் அக்கா அடுப்பு மூட்டி என்னை அனுப்பி வைத்ததால் நான் எட்டரைக்கே பள்ளியில் இருந்தேன். அக்கா எத்தனை மணிக்குப் போனாள் என்று அந்த வயதில் நான் பார்த்ததே இல்லை.

2025 ஜூனில் திரும்ப உட்கார்ந்தோம். இந்தத் தடவை லேப்டாப்பை மூடி வைத்து விட்டுத்தான் ஆரம்பித்தேன். தலைமையாசிரியை, ஆசிரியர்கள், கணக்கு சார், சில தாய்மார்கள். என் பெரியப்பாவும் சும்மா வந்து உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது இது: "மழை வர்ற மாதிரி இருந்தா கெட்டித் தண்ணிய எல்லாப் பாத்தியிலயும் பரப்பி வெக்க மாட்டோம்பா. ஆழமான பாத்தியில சேத்து வெச்சுடுவோம். மழைத் தண்ணி மேலதான் நிக்கும். மேலாக வெட்டி வுட்டா போயிடும்." கடல் நீர் ஏறக்குறைய 3 டிகிரி போமே அடர்த்தியில் உள்ளே வருகிறது, 25 டிகிரி வரை காய்ந்தால்தான் உப்பு பூக்கும். மாதக்கணக்கில் காய்ச்சிச் சேர்த்த தண்ணீரை ஒரு ராத்திரி மழைக்குக் கொடுக்க எந்த அளத்துக்காரரும் சம்மதிக்க மாட்டார். நாங்கள் ஏன் சம்மதித்தோம்?

நாங்கள் செய்த மாற்றங்கள் இவைதான். பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை.

முதலாவது, வருடத்துக்கு இரண்டு டைம் டேபிள். ஜூன் முதல் செப்டம்பர் வரை உப்புக் காலம். அந்த மாதங்களில் ஒன்பதுக்கும் பத்துக்கும் முதல் பீரியட் கணக்கோ அறிவியலோ கிடையாது. நூலகம், ஓவியம், தமிழ் வாசிப்பு. தாமதமாக வருகிற பிள்ளை ஏதோ ஒன்றை இழக்கத்தான் செய்யும், ஆனால் தொடர்பு அறுந்து போகாத ஒன்றை இழக்கட்டும். அக்டோபரில் அளத்து வேலை நின்றதும் மழைக் கால டைம் டேபிள். அப்போது அம்மா வீட்டில் இருக்கிறார், பிள்ளை நேரத்துக்கு வரும். கணக்கு காலைக்கு வந்து விடும்.

இரண்டாவது, பாட வரிசை. காலாண்டுத் தேர்வு வரைக்கும் வரிசையில் கை வைக்கவில்லை, எல்லோருக்கும் பொதுவான வினாத்தாள். அதற்குப் பிறகு ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற பாடங்களை மழை வலுப்பதற்குள் முடித்து விடுவது. அளவியல், புள்ளியியல் மாதிரித் தனித்தனியாக நிற்கிறவற்றை நவம்பருக்குத் தள்ளுவது. உருளையின் கன அளவு நடத்திய அன்று ஒரு பிள்ளை வரவில்லை என்றாலும் மறுநாள் கூம்பைப் புரிந்துகொள்ள முடியும்.

மூன்றாவது, காலிக் கட்டம். கணக்கிலும் அறிவியலிலும் வாரம் 7-ஐ 6 ஆக்கி, வகுப்புக்கு இரண்டு கட்டம் எந்தப் பாடத்துக்கும் எழுதி வைக்காமல் விட்டோம். அந்த வாரம் எது பின்தங்கியதோ அதற்கு வெள்ளிக்கிழமை மதியம் முடிவு செய்து கொடுப்பது. "இன்ஸ்பெக்ஷன்ல காலிக் கட்டம் எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று தலைமையாசிரியை கவலைப்பட்டார். கணக்கு சார்தான் 'மீள்பார்வை' என்று அதற்குப் பெயர் வைத்துக் கொடுத்தார். இந்த இரண்டு கட்டம் இருப்பதால் விளையாட்டுப் பீரியடை யாரும் தொடக்கூடாது என்றும் எழுதி வைத்தோம்.

நான்காவது, ஓர் ஆசிரியர் இல்லாத நாளுக்கு ஒரு தாள். எந்த இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைப்பது, யார் பார்ப்பது என்று முன்கூட்டியே ஐந்து ஆசிரியருக்கும் ஐந்து தாள். அதில் ஒரே விதி: ஒரு வகுப்பு ஒரே பாடத்தைத் தொடர்ந்து இரண்டு நாள் இழக்கக்கூடாது, அது ஆறாம் வகுப்பாக இருந்தாலும் சரி. பத்தாம் வகுப்புக்காக எப்போதும் ஆறாம் வகுப்பே விட்டுக் கொடுத்தால், அந்த ஆறுதான் நாலு வருடத்தில் பத்தாக வந்து நிற்கும்.

ஐந்தாவது, புயலுக்குப் பிறகு பள்ளி திறக்கிற முதல் வாரத்துக்கான அட்டவணை. காலையில் மூன்று பாடம், மதியம் விளையாட்டு. அது 2005-ல் சாக்பீஸால் எழுதியது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

எல்லாம் சரியாகி விட்டது என்று சொல்ல மாட்டேன். 2025-26லும் விடுமுறை வந்தது, பயிற்சிக்கு ஆசிரியர்கள் போனார்கள், அட்டவணை கலைந்தது. ஆனால் எங்கே கலையும் என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. யார் தலையில் விழும் என்பதை நாங்கள் தீர்மானித்திருந்தோம். முன்பெல்லாம் அது தானாகப் போய் எப்போதும் ஒரே பிள்ளைகளின் தலையில்தான் விழும்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுக்க நிரம்பிய அட்டவணையைப் பார்த்தால் நமக்கு ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு கணக்கைத் தீர்ப்பதற்கு முன் யாருடைய நேரத்தை நாம் கேட்காமல் விட்டோம் என்று ஒரு தடவை பாருங்கள். கோனிக் தேற்றம் பரீட்சைக்கு வரும், இது வராது.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் படித்த பள்ளிக்கு பெஞ்சு, ஃபேன், புரொஜக்டர் எல்லாம் வாங்கிக் கொடுக்கிறோம். கொடுங்கள். 2024-ல் மாற்றியமைக்கப்பட்ட அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஜூன் மாதம் இரண்டு நாள் லீவு போட்டு விட்டு ஊருக்குப் போங்கள். ஒரு நாள் டீச்சர்களோடு உட்காருங்கள். இன்னொரு நாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் நின்று, எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு, எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். ஒரு பேனா, ஒரு நோட்டு போதும்.

அந்தப் பெண் ஜூலையில் துணைத் தேர்வு எழுதித் தேறி விட்டாள். இப்போது திண்டிவனத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். புதிய டைம் டேபிளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று, தம்பியைப் பள்ளியில் விட வந்தவள் அதைப் படித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பழையதைப் போட்டவனும் நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பிக்கு முதல் பீரியட் என்ன அண்ணா?" என்று கேட்டாள். "நூலகம்" என்றேன். சரி என்று தலையாட்டி விட்டுப் போனாள்.